டயாப்லோ: சாம்பிள் பீசும் பல்க் ஆர்டரும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கேம் ஆடாதவங்களுக்கும் புரியணும்னு தான் எழுதியிருக்கேன். ஆடினவங்க தெரிஞ்ச இடத்தை எல்லாம் ஒரே ஓட்டமா தாண்டிக்கோங்க. ரெண்டாம் பாகத்துல தான் ஓடலாமே :)

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை டயாப்லோ முதல் பாகத்தை மறுபடியும் ஆடி முடிச்சேன். முடிச்ச சூட்டோட ரெண்டாம் பாகத்தையும் திறந்தேன். ரெண்டும் வந்ததுக்கு நடுவுல மூணரை வருஷம் தான். பண்ணது ஒரே ஆபீஸ், பெரும்பாலும் அதே ஆளுங்க. ஆனா ஆடிப் பார்த்தா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு. "எதுடா பெஸ்ட்?"னு யாராவது கேட்டா ரொம்ப வருஷமா ஒரே பதில் தான் வச்சிருந்தேன். அந்த பதில் தப்புன்னு எங்க அண்ணன் ஒருத்தர் புரிய வச்சார். அது கடைசில வரும்.

முதல்ல ஒரு உள்ளூர் சமாச்சாரம். எங்க வேலம்பாளையத்துல பனியன் கம்பெனிக்குப் போறவங்க யாரைக் கேட்டாலும் சாம்பிளுக்கும் பல்க்குக்கும் வித்தியாசம் சொல்லுவாங்க. சாம்பிள் பீசை ஒரு டெய்லர் உட்கார்ந்து முழுசா தைப்பார். கழுத்து, கை, சைடு எல்லாம் அவர் ஒருத்தரே. பையர் அதைப் பார்த்து ஓகே பண்ணின பிறகு தான் அதே டிசைன்ல ஆயிரக்கணக்குல பல்க் ஓடும். அங்க ஒருத்தர் கை மட்டும், இன்னொருத்தர் கழுத்து மட்டும். பல்க்குன்னா மட்டம்னு நினைக்காதீங்க. அளவு, தையல் எல்லாம் பல சமயம் சாம்பிளை விட சுத்தமாவே இருக்கும். ஆனா ரெண்டும் ஒண்ணு கிடையாது. டயாப்லோ ஒண்ணும் ரெண்டும் எனக்கு இப்படித்தான் தெரியுது.

முதல் பாகம் பிறந்த கதை

1993-ல கலிஃபோர்னியாவுல டேவிட் ப்ரெவிக், மேக்ஸ் ஸ்கேஃபர், எரிக் ஸ்கேஃபர்னு மூணு பேர் சேர்ந்து காண்டோர்னு ஒரு குட்டி கம்பெனி ஆரம்பிச்சாங்க. ப்ரெவிக் பள்ளிக்கூட வயசுல குடியிருந்தது மவுண்ட் டயாப்லோங்கற மலைக்குப் பக்கத்துல. பேர் அங்கிருந்து வந்தது தான். காலேஜ்ல அவர் விடிய விடிய ஆடினது மோரியா, ஆங்பேண்ட் மாதிரி ஆட்டங்கள். அதுல படமே கிடையாது. திரையில எழுத்துகளும் குறிகளும் தான் ஆளு, பேய், சுவர் எல்லாம். ஒவ்வொரு தடவையும் பாதாளச் சுரங்கம் புதுசா அமையும்.

அதே மாதிரி ஒண்ணை அழகான படத்தோட பண்ணணும்னு தான் அவர் ஆரம்பிச்சார். முதல்ல யோசிச்சது ஆடுபுலி ஆட்டம் மாதிரி முறை வச்சு ஆடுறது. நீ ஒரு அடி வச்சா பேய் ஒரு அடி வைக்கும். பணம் போட வந்த ப்ளிசார்ட் கம்பெனி "முறை எல்லாம் வேண்டாம், நேரடியா ஓடட்டும்"னு சொன்னாங்க. ப்ரெவிக்குக்கு பிடிக்கல. ஆபீஸ்ல எல்லாரும் மாத்தலாம்னு சொன்ன பிறகு, மாத்துறதுக்கு ரொம்ப நாள் ஆகும்னு ப்ளிசார்ட் கிட்ட கூடுதல் காசு கேட்டு வாங்கிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து சில மணி நேரத்துல மாத்திட்டார். 2016-ல ஒரு மாநாட்டுல இதை அவரே சிரிச்சுக்கிட்டே சொன்னார். மவுசை வச்சு எலும்புக்கூட்டு மேல ஒரு கிளிக். வீரன் நடந்து போய் ஒரே வீச்சு. எலும்புக்கூடு பொலபொலன்னு உதிர்ந்துச்சு. அந்த ஒரு கிளிக்ல தான் ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.ங்கற வகையே நாம இன்னைக்குப் பார்க்கற வடிவத்துக்கு வந்துச்சுன்னு சொல்லலாம். (எஸ்டிமேட் கேட்டா பத்து நாள்னு சொல்லிட்டு மதியத்துக்குள்ள முடிக்கற கலை அப்பவே இருந்திருக்கு. நம்ம ஃபீல்டு மக்களே, நோட் பண்ணிக்கோங்க.)

1996-ல ப்ளிசார்ட் காண்டோரை வாங்கி ப்ளிசார்ட் நார்த்னு பேர் மாத்துச்சு. 1997 பிறக்கும்போது டயாப்லோ கடைக்கு வந்துச்சு.

ஒரு ஊர், ஒரு குழி

முதல் பாகத்துல இருக்கறது ட்ரிஸ்ட்ரம்னு ஒரே ஒரு கிராமம். ஒரு மாதா கோயில். அதுக்குக் கீழ 16 தளம். அடித்தளத்துல டயாப்லோ. அவ்வளவு தான் மொத்த உலகமும்.

வீரன் ஓட மாட்டான். ஒரே வேகத்துல நடப்பான். அவனைச் சுத்தி ஒரு வட்டம் வெளிச்சம், அதுக்கு வெளியில இருட்டு. கூட்டமா வந்தா தப்பிச்சு ஓட வழியில்லாததால வாசற்படியில நின்னு ஒவ்வொண்ணா வர விட்டு அடிக்கணும். ரெண்டாவது தளத்துலயே கையில வெட்டுக்கத்தியோட புட்சர்னு ஒரு கசாப்புக்காரப் பேய் ஒரு அறையில இருக்கும். கதவைத் திறந்தவுடனே, புதுக்கறி வந்திருச்சுன்னு கத்திக்கிட்டே பாயும். நான் முதல் தடவை ஆடினப்ப மானிட்டரை ஆஃப் பண்ணிட்டேன். ஆறாங்கிளாஸ் பையன், மன்னிச்சுக்கோங்க.

இதுல ஒரு முக்கியமான விஷயம். தனியா ஆடும்போது கொன்ன பேய் திரும்ப வராது. ஒரு தளத்தை சுத்தம் பண்ணிட்டா அது சுத்தம் தான். திரும்பி நடந்து வர்றப்ப அங்க சத்தமே இருக்காது. பேய்கள் இத்தனைன்னு கணக்கு இருக்கறதால உங்களுக்குக் கிடைக்கற அனுபவப் புள்ளிக்கும் ஒரு எல்லை இருக்கு. ஆட்டம் தீர்ந்து போகும். சாமான் வைக்க பெட்டி கூட கிடையாது. ஊர் நடுவுல தரையில தங்கத்தைக் குவிச்சு வச்சுட்டுப் போவோம். யாரும் எடுக்க மாட்டாங்க. நல்ல ஊர் :)

மேட் உல்மென் போட்ட கிட்டார் இசை அந்த ஊருக்கு. கேட்டவங்களுக்கு மறக்காது. கதை கேட்டா சொல்ற தாத்தா டெக்கார்ட் கெயின், கொல்லர் க்ரிஸ்வோல்ட், தன் கிட்ட இருக்கற சாமானைப் பார்க்கவே 50 தங்கம் கேட்கற கட்டைக்கால் பையன் விர்ட். ஆள் கம்மி. அதனால எல்லாரும் நமக்குத் தெரிஞ்சவங்க ஆயிடுவாங்க.

ரெண்டாம் பாகம்: எல்லாமே பெருசு

2000 ஜூன் 29-ம் தேதி டயாப்லோ 2 வந்துச்சு. மூணு சிடி. ரெண்டே வாரத்துல பத்து லட்சம் காப்பி. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கேம்ல அவ்வளவு வேகமா வித்தது வேற இல்லைன்னு கின்னஸ்ல இடம் பிடிச்சது.

மூணு வீரர்கள் இருந்த இடத்துல அஞ்சு பேர். ஒரு ஊருக்குப் பதிலா நாலு ஊர். புல்வெளி, பாலைவனம், காடு, நரகம். 2001-ல வந்த லார்ட் ஆஃப் டெஸ்ட்ரக்‌ஷன் கூடுதல் பகுதியில இன்னும் ரெண்டு வீரர்கள், ஒரு பனிமலை. ஒவ்வொரு வீரனுக்கும் 30 திறமைகள், மூணு மரமா பிரிச்சு. முதல் பாகத்துல புத்தகம் கிடைச்சா யார் வேணும்னாலும் மந்திரம் கத்துக்கலாம், அதுக்கான அறிவு மட்டும் இருந்தா போதும். ரெண்டாம் பாகத்துல நீ யாருங்கறதை நீ போடற பாயிண்ட் தான் முடிவு பண்ணும். தப்பா போட்டா போட்டது தான். அதை அழிச்சு மாத்தற வசதி 2010-ல வந்த 1.13 பேட்ச்ல தான் கிடைச்சது. பின்னாடி வந்த எத்தனையோ கேம்கள்ல நீங்க பார்க்கற திறமை மரத்துக்கு இது தான் பெரியம்மா வீடு.

வீரன் ஓடவும் ஆரம்பிச்சான். கேட்க சின்ன மாற்றம். ஆனா ஓட முடியும்னா பயம் பாதியா குறைஞ்சிடும். வாசற்படியில நிக்க வேண்டிய அவசியமே இல்ல. அதோட, கேமை மூடிட்டு திரும்ப வந்தா செத்த பேய்கள் எல்லாம் மறுபடி எழுந்து நிக்கும். அதனால எந்த இடமும் சுத்தமாகாது. மெஃபிஸ்டோன்னு ஒரு பெரிய பேயை, நல்ல சாமான் விழும்ங்கறதுக்காக ஒரே ஆள் நூத்துக்கணக்கான தடவை கொல்லுவாங்க. அதுக்குப் பேரே "மெஃபிஸ்டோ ரன்". முதல் பாகத்துல கீழ இறங்கறதுக்கு பயந்தோம். ரெண்டாம் பாகத்துல அதே பாதாளத்துக்கு டைம் பஞ்ச் பண்ணிட்டு வேலைக்குப் போற மாதிரி போனோம்.

நம்பிக்கை விஷயம்

சாஃப்ட்வேர்காரனா எனக்கு ரொம்பப் பிடிச்ச வித்தியாசம் இது. முதல் பாகத்தோட கூடவே பேட்டில்.நெட்ங்கற இலவச இணைய வசதி வந்துச்சு. ஆனா அது ஆட்களை சேர்த்து விடறதோட சரி. ஆட்டம் ஓடறது ஆடறவங்க கம்ப்யூட்டர்லயே. உங்க வீரனோட கணக்கும் உங்க ஹார்ட் டிஸ்க்லயே. ஃபைலைத் திருத்தினா யார் வேணும்னாலும் சூரன் ஆகலாம். கொஞ்ச நாள்ல ஏமாத்தறவங்க கூட்டம் பெருகி, ஊருக்குள்ள நிம்மதியா நிக்கறவனைக் கூட கொல்ற அளவுக்கு போச்சு.

ரெண்டாம் பாகத்துல வீரனோட கணக்கை ப்ளிசார்ட் தங்களோட சர்வர்ல வச்சுக்கிட்டாங்க. "பயனர் கம்ப்யூட்டர் சொல்றதை நம்பாதே"ன்னு இன்னைக்கு நாம வேலையில முதல் வாரமே கத்துக்கற பாடம். அப்படியும் ஓட்டை இருந்துச்சு. பொருளை ரெட்டிப்பாக்கற வித்தை கண்டுபிடிச்சாங்க. தங்கத்துக்கு மதிப்பே போய், ஸ்டோன் ஆஃப் ஜோர்டான்ங்கற மோதிரம் நோட்டு மாதிரி புழங்குச்சு. அதுவும் கள்ள நோட்டு கணக்கா பெருகுச்சு. 2003-ல வந்த 1.10 பேட்ச்ல ப்ளிசார்ட் ஒரு தந்திரம் பண்ணாங்க. நிறைய மோதிரங்களை வியாபாரி கிட்ட வித்தா, பயங்கர பலத்தோட ஒரு டயாப்லோ பூமியில நடக்கும். மோதிரத்தை மக்களே கொண்டு வந்து அழிச்சாங்க. ரிசர்வ் வங்கி கவனத்துக்கு.

ட்ரிஸ்ட்ரத்துக்கு என்ன ஆச்சு?

(கதை தெரிய வேண்டாம்கறவங்க அடுத்த தலைப்புக்குப் போயிடுங்க. கால் நூற்றாண்டு ஆச்சு, இருந்தாலும்.)

முதல் பாகம் முடியறப்ப வீரன் டயாப்லோவை ஜெயிச்சு, அதோட உயிர் அடைபட்ட கல்லைத் தன் நெத்தியிலயே குத்திக்குவான். நானே அடக்கி வச்சுக்கறேன்னு. ரெண்டாம் பாகத்துல தெரியுது, அடக்க முடியல. ஜெயிச்ச அந்த வீரன் தான் புது டயாப்லோ. மத்த ரெண்டு வீரர்களும் கெட்டுப் போய் வழியில நாம கொல்ல வேண்டிய எதிரிகளா நிக்கறாங்க. அதாவது நீங்க முதல் பாகத்துல யாரா ஆடியிருந்தாலும் ரெண்டாம் பாகத்துல உங்களை நீங்களே தேடிப் போய் அடிக்கறீங்க.

ட்ரிஸ்ட்ரத்துக்கும் போகணும். ஊர் எரிஞ்சு கிடக்கும். பின்னணியில அதே கிட்டார். கெயின் தாத்தா கூண்டுல தொங்கறார். கொல்லர் க்ரிஸ்வோல்ட் பேயாகி நம்மளையே அடிக்க வர்றார். விர்ட் பையனோட உடம்பு கிடக்கும், கட்டைக்கால் மட்டும் மிச்சம். அந்தக் காலை எடுத்துட்டுப் போய் தான் மாடுகள் கோடாலி தூக்கிட்டு வர்ற ரகசிய இடத்தைத் திறக்கலாம். முதல் பாகத்துல ஊர் மாட்டை கிளிக் பண்ணினா ஏதோ திறக்கும்னு கிளம்பின புரளியை ஆபீஸ்காரங்களே நிஜமாக்கி விட்டது. சிரிப்பு தான். ஆனா அந்தப் பையன் கிட்ட பேரம் பேசினவங்களுக்கு முழுசா சிரிப்பு வராது.

இந்த ஒரு இடத்துல ரெண்டாம் பாகம் முதல் பாகத்தை நல்லா ஞாபகம் வச்சிருந்துச்சுன்னு ஒத்துக்கணும்.

என்ன விலை கொடுத்தாங்க

சுமார் 40 பேர். கடைசி ஒன்றரை வருஷம் ஓய்வே இல்லாத வேலை. வாரக்கடைசி கிடையாது, ஆபீஸ்லயே தூக்கம். வாழ்க்கையிலேயே மோசமான காலம் அதுன்னு ப்ரெவிக் சொல்லியிருக்கார். இதைப் படிச்சப்ப ஷிப்மெண்ட் தேதி நெருங்கற கம்பெனி தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. போதாக்குறைக்கு வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி கோடு, படங்கள் எல்லாம் கெட்டுப் போச்சு, பேக்கப்பும் சரியில்ல, அவங்கவங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இருந்ததை எல்லாம் கொண்டு வந்து ஒட்டி சேர்த்தோம்னு ஸ்கேஃபர் சகோதரர்கள் பின்னாடி சொன்னாங்க. படிக்கும்போதே வயித்துல புளி கரைச்சுது.

2003-ல மூணு பேரும் வேலையை விட்டாங்க. 2005-ல ப்ளிசார்ட் நார்த்தே மூடப்பட்டது. ஸ்கேஃபர் சகோதரர்கள் இன்னும் சிலரோட சேர்ந்து 2009-ல டார்ச்லைட்னு ஒரு கேம் கொண்டு வந்தாங்க. அதுல ஒரே ஒரு சுரங்க ஊர், அதுக்குக் கீழ ஒரே குழி. இசை அதே உல்மென். அவ்வளவு பெரிய பல்க்கை ஓட்டினவங்களே திரும்ப சாம்பிள் மேசைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி.

பார்த்தீங்களா, முதல் பாகம் தான் பெஸ்ட். இது தான் ரொம்ப நாளா என் வாதம். ரெண்டாம் பாகம் ஆட்டத்தை ஷிப்ட் ஆக்கிடுச்சுன்னு சொல்லிட்டே திரிஞ்சேன்.

அண்ணன் சொன்னது

எங்க பெரியப்பா பையன். பெரியப்பாவுக்கு முடியாம போனதால ப்ளஸ் டூவோட நிறுத்திட்டு பவர் டேபிள்ல உட்கார்ந்தவர். 2008 தீபாவளி போனஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். ரெண்டு கேமும் அதுல தான் நான் ஆடினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து கரண்ட் இருக்கற நேரமெல்லாம் முதல் பாகம். சேவ் பண்ண மறந்து கரண்ட் போச்சுன்னா அவ்வளவும் போச்சு, அழுகையே வரும். அவர் ராத்திரி வந்து ஆடினது ரெண்டாம் பாகம் மட்டும் தான். ஒரு பார்பேரியன். தினம் அதே இடம், அதே பேய்.

2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. நொய்யல் கெட்டதுக்கு அந்த உத்தரவு வேண்டியது தான். ஆனா சாயம் இல்லாட்டி துணி இல்ல, துணி இல்லாட்டி தையல் இல்ல. அண்ணனுக்கு வாரத்துல ரெண்டு மூணு ஷிப்ட் தான் கிடைச்சது. கம்ப்யூட்டரை வித்துட்டார். விக்கறதுக்கு முன்னாடி அந்த பார்பேரியன் ஃபைலை மட்டும் என் பென் டிரைவ்ல எடுத்து வச்சேன். சில கேபி தான்.

2021 செப்டம்பர்ல டயாப்லோ 2-வை புதுப்பிச்சு ரிசரெக்டட்னு விட்டாங்க. தனியா ஆடின பழைய சேவ் ஃபைல் அதுல வேலை செய்யும்னு கேள்விப்பட்டு, அந்த தீபாவளிக்கு ஊருக்கு லேப்டாப்போட போனேன். ஃபைலைப் போட்டேன். பார்பேரியன் நெருப்புக்குப் பக்கத்துல வந்து நின்னான். அண்ணன் பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணா பார்த்தார். எது எங்க விழுந்துச்சுன்னு அவருக்கு ஞாபகம் இருந்துச்சு.

அப்ப தான் என் வழக்கமான வாதத்தை எடுத்து விட்டேன். "அண்ணா, கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு வந்து, இங்கயும் அதே மாதிரி செஞ்சதையே செஞ்சுட்டு இருந்தீங்களேங்ணா. முதல் பாகத்தை ஏன் தொடவே இல்ல?"

"டேய், எட்டரைக்கு வேலை முடிஞ்சு வீடு வந்து சோறு தின்னா பத்து மணி. உன்ற மாதிரி மெதுவா நடந்து பயப்படறதுக்கு எனக்கு எங்கடா நேரம்? கையில அரை மணி நேரம். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு கிடைக்கோணும். கம்பெனியில தெச்சதெல்லாம் கப்பல் ஏறிப் போயிரும். இங்க எடுத்தது பெட்டியிலயே கிடக்குமல்லொ."

எனக்கு பதில் வரல. பயப்படறதுக்கும் நேரம் வேணும்னு நான் யோசிச்சதே இல்ல. எனக்கு அந்த நேரம் இருந்துச்சு, ஏன்னா வீட்டுல நான் ஒருத்தன் வேலைக்குப் போகாம படிச்சுட்டு இருந்தேன். ரெண்டாம் பாகத்தை வாங்கின லட்சக்கணக்கான பேர்ல அண்ணன் மாதிரி எத்தனை பேரோ. அவங்களுக்கு பத்து நிமிஷம் ஆடினாலும் எதையாவது கொடுத்த கேம் அது. முதல் பாகத்துக்கு அந்த தாராளம் கிடையாது. உட்கார்ந்து முழுசா ஆடறவனுக்கு மட்டும் தான் அது திறக்கும்.

இப்பவும் எனக்கு முதல் பாகம் தான் பிடிக்கும். 2018-ல ஒருத்தர் அந்த கேமை அலசி ஆராய்ஞ்சு அதோட சோர்ஸ் கோடைத் திரும்ப எழுதி டெவில்யூஷன்னு வெளியிட்டார். 2019-ல இருந்து கேமையும் கடையில முறையா வாங்க முடியுது. அந்த ரெண்டும் இருந்ததால தான் போன மாசம் மொபைல்லயே ஆடினேன். புட்சர் கதவுக்கிட்ட இன்னமும் கை நின்னுச்சு. ஆனா பல்க்கை மட்டம்னு பேசறதை விட்டுட்டேன்.

அன்னைக்கு அண்ணன் கிட்ட கேட்டேன், "பாயிண்டெல்லாம் தப்பா போட்டிருக்கீங்ளே. இப்ப அழிச்சுட்டு மாத்திக்கலாம், மாத்தட்டுங்களா?"

"வேண்டாம், இருக்கட்டும் விடு"ன்னுட்டார். அந்த ஃபைலை இப்ப மூணு இடத்துல பேக்கப் எடுத்து வச்சிருக்கேன்.

பி.கு: உங்களுக்கு ஒண்ணா ரெண்டா? எதை எந்த வயசுல, எந்த நேரத்துல ஆடினீங்கன்னும் சேர்த்து சொல்லுங்க. மூணு, நாலு பத்தி கேட்கறவங்களுக்கு: அது தனிப் பதிவு, தனிச் சண்டை :)